பிரேக் பிடித்த பிறகும் ஓடும் தூரம்

விபத்துச் செய்திகளில் ஒரு வாக்கியம் நிரந்தரமாகக் குடியிருக்கிறது: ‘ஓட்டுநரின் கட்டுப்பாட்டை இழந்து தாறுமாறாக ஓடிய லாரி.’ ஓட்டியவரைக் கேட்டால் வேறொன்று சொல்வார்: ‘பிரேக் பிடித்தேன், நிற்கவில்லை.’ பெரும்பாலும் அவர் பொய் சொல்வதில்லை. பிரேக்கும் பெரும்பாலும் ஒழுங்காகவே பிடித்திருக்கும். வண்டி நின்றும் இருக்கும். நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டி ஏழெட்டு மீட்டர் தள்ளி. அந்த ஏழெட்டு மீட்டர் எங்கிருந்து வந்தது?

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நகரச் சாலையில் இரண்டு கார்கள் பக்கத்தில் பக்கத்தில் போகின்றன. ஒன்றின் வேகம் மணிக்கு 50 கி.மீ., மற்றதன் வேகம் 60. டயர், பிரேக், ஓட்டுநரின் கவனம் எல்லாம் சமம். நிறுத்தத்தில் நிற்கும் பஸ்ஸின் முன்புறத்திலிருந்து ஒருவர் சாலையைக் கடக்க இறங்குகிறார். இரண்டு ஓட்டுநர்களும் ஒரே கணத்தில் அவரைப் பார்க்கிறார்கள். சாலை காய்ந்திருக்கிறது. 50-ல் வந்த கார் 35 மீட்டரில் நின்றுவிடுகிறது. அதே 35-வது மீட்டரில் மற்ற காரின் வேகம் என்னவாக இருக்கும்?

இந்தக் கேள்வியைப் பலரிடம் கேட்டிருக்கிறேன். வித்தியாசம் 10 தானே, ஆகவே 10 கி.மீ. என்பார்கள். கொஞ்சம் யோசிப்பவர்கள் 15, 20 வரை போவார்கள். விடை 43. கடந்துகொண்டிருப்பவருக்கு முன்னால் ஒரு கார் அசையாமல் நிற்கும்போது, அதைவிடப் பத்தே கி.மீ. வேகம் கூடுதலாக வந்த கார் மணிக்கு 43 கி.மீ. வேகத்தில் அவர் மேல் மோதுகிறது.

இது ஏன் என்று பார்த்தால் பாதி விஷயம் தெளிந்துவிடும். ஆபத்து கண்ணில் பட்டு, அது என்னவென்று மூளைக்குப் புரிந்து, கால் ஆக்ஸிலேட்டரை விட்டு பிரேக்குக்கு வர, எதிர்பாராத நேரத்தில் சுமார் ஒன்றரை நொடி ஆகிறது. அதுவரை கார் முழு வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்கிறது. 50-ல் வந்தவர் இதில் 21 மீட்டரைச் செலவழித்துவிட்டார். பிரேக் பிடித்து நிற்க அவருக்கு இன்னும் 14 மீட்டர் போதும். 60-ல் வந்தவருக்கோ யோசிக்கும் நேரத்திலேயே 25 மீட்டர் போய்விட்டது. மிச்சம் இருப்பது 10 மீட்டர். அந்தப் பத்து மீட்டரில் பிரேக் அவருடைய காரின் இயக்க ஆற்றலில் பாதியை உறிஞ்சிவிடுகிறது. ஆனால் ஆற்றல் பாதியானால் வேகம் பாதியாகிவிடாது. பத்தில் ஏழு பங்கு வேகம் அப்படியே இருக்கும். பிரேக் ஒவ்வொரு மீட்டருக்கும் சம அளவு ஆற்றலைத்தான் எடுக்கிறது. வேகமோ தொடக்கத்தில் மெதுவாகக் குறைந்து, கடைசிச் சில மீட்டர்களில்தான் சரசரவென்று இறங்கும். நமக்கு இல்லாமல் போவது எப்போதும் அந்தக் கடைசி மீட்டர்கள்தான்.

நெடுஞ்சாலையில் இது இன்னும் கொடுமையாக இருக்கும். 80-ல் வந்த கார் நின்றுவிட்ட இடத்தை, 100-ல் வந்த கார் கடக்கும்போது அதன் வேகம் 71 கி.மீ. ‘கொஞ்சம்தான் கூடுதலாகப் போனேன்’ என்ற சொல்லுக்கு இயற்பியலில் இடமில்லை.

வேகம் இரட்டித்தால் ஆற்றல் நான்கு மடங்காகிறது என்பதை இன்று பள்ளிக்கூடத்தில் ஒரு வரியில் எழுதிவிடுகிறோம். அந்த ஒரு வரிக்காக ஐரோப்பாவில் பெரியவர்கள் பல பத்தாண்டுகள் சண்டை போட்டார்கள். இயங்கும் பொருளின் ‘வலு’ வேகத்தோடு நேராகக் கூடுகிறதா, வேகத்தின் வர்க்கத்தோடு கூடுகிறதா என்பதுதான் சச்சரவு. டச்சு அறிவியலாளர் கிராவசாண்டே 1720-களில் பித்தளைக் குண்டுகளை மென்மையான களிமண்ணின் மேல் விழவிட்டு, அவை பதிந்த குழியை அளந்தார். இரட்டிப்பு வேகத்தில் விழுந்த குண்டு நான்கு மடங்கு ஆழத்துக்குப் போயிருந்தது. பிரெஞ்சுக்காரரான எமிலி து சாத்தலே 1740-ல் வெளியிட்ட இயற்பியல் நூலில் வர்க்கக் கணக்கின் பக்கம் நின்று வாதாடினார். களிமண் இருந்த இடத்தில் தார்ச்சாலையையும், குண்டு இருந்த இடத்தில் காரையும் வைத்துப் பாருங்கள். குழியின் ஆழம்தான் பிரேக் தூரம்.

இந்த வர்க்கத்தைக் கண்ணால் பார்க்க இன்னொரு வழி உண்டு. மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் மோதுவது, சுமார் 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்று மாடி உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். 100 கி.மீ. என்றால் ஆறு மாடி என்று மனம் சொல்லும். கணக்கு சொல்வது 39 மீட்டர். கன்னியாகுமரிக் கடலில் நிற்கும் வள்ளுவர் சிலையின் உயரம் பீடத்தோடு சேர்த்து 133 அடி, சுமார் 40 மீட்டர். மாடியின் விளிம்பில் நிற்கும்போது நமக்கு அடிவயிறு கலங்குகிறது. வேகமானியின் முள் 100-ல் நிற்கும்போது கலங்குவதில்லை, ஏனென்றால் நம் உடம்புக்கு உயரத்தைக் கண்டு பயப்படத் தெரியும். வேகத்தைக் கண்டு பயப்பட அது கற்றதில்லை. ஓடிக் கடக்கிற வேகத்துக்கு மேல் நம் முன்னோர்களுக்குத் தேவைப்படவில்லை.

பிரிட்டனில் ஓட்டுநர் தேர்வுக்குப் படிப்பவர்களின் கையேட்டில் நிறுத்தும் தூரங்களின் அட்டவணை ஒன்று உண்டு. மணிக்கு 70 மைல், அதாவது சுமார் 112 கி.மீ. வேகத்துக்கு அது சொல்லும் தூரம் 96 மீட்டர். இந்தியச் சாலைகளை வடிவமைப்பவர்கள் பின்பற்றும் இந்தியச் சாலைகள் பேரவையின் கணக்கில் 100 கி.மீ. வேகத்துக்கே 180 மீட்டர் வேண்டும். வேறுபாட்டுக்குக் காரணம் எளிது. பிரிட்டன் கையேடு யோசிக்கும் நேரத்தை முக்கால் நொடிக்கும் குறைவாக எடுத்துக்கொள்கிறது. அது விழிப்போடு காத்திருக்கும் ஓட்டுநருக்குப் பொருந்தும். நம் பொறியாளர்கள் இரண்டரை நொடியையும், வழவழத்துப்போன சாலையையும் மனதில் வைக்கிறார்கள். களைத்துப் போனவர், வயதானவர், தேய்ந்த டயரோடு மழையில் வருபவர் எல்லோரும் அதில் அடக்கம். ஓட்டுபவருக்குச் சொல்லும்போது நம்பிக்கையோடும், சாலை போடும்போது அவநம்பிக்கையோடும் கணக்குப் போடுவது ஏன் என்று எனக்கு விளங்கியதில்லை. தலைகீழாக இருந்திருக்கலாம்.

பிரேக் தூரத்தைத் தீர்மானிப்பது டயருக்கும் சாலைக்கும் இடையிலான உராய்வு. காய்ந்த நல்ல தார்ச்சாலையில் அது வண்டி எடையின் பத்தில் ஏழு பங்கு அளவுக்கு இழுத்துப் பிடிக்கும். நனைந்த சாலையில் நான்கு பங்குக்கு இறங்கிவிடலாம். அப்போது 80 கி.மீ. வேகத்தில் நிற்கத் தேவைப்படும் 69 மீட்டர், கிட்டத்தட்ட நூறு மீட்டராகிவிடும். கொட்டும் மழையைவிட, கோடைக்குப் பின் வரும் முதல் தூறலை அனுபவமுள்ள ஓட்டுநர்கள் அஞ்சுவார்கள். மாதக்கணக்கில் சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் அந்தத் தூறலில் குழைந்து ஒரு பசையாகிவிடும். பெருமழை என்றால் கழுவிக்கொண்டாவது போகும். நம் கிராமச் சாலைகளுக்கென்றே இன்னொரு வழுக்கல் இருக்கிறது: அறுவடைக் காலத்தில் கேழ்வரகு, கொள்ளு, சோளக் கதிர்களைச் சாலையில் பரப்பிவைப்பது. போகிற வண்டிகள் மிதித்துக் கதிரடித்துக் கொடுத்துவிடும், களம் மிச்சம். ஆனால் காய்ந்த தாளின் மேல் டயருக்குப் பிடிமானமே கிடையாது. விவசாயியைக் குறை சொல்லி என்ன செய்வது? ஊர்ப் பொதுக்களம் என்று ஒன்று போட்டுக் கொடுத்திருந்தால் அவர் ஏன் நெடுஞ்சாலைக்கு வரப்போகிறார்.

தேங்கிய தண்ணீரில் வேகமாகப் போனால் டயர் தண்ணீரைப் பிளந்து தரையைத் தொட முடியாமல் அதன் மேலேயே மிதக்கத் தொடங்கும். 30 பவுண்டு காற்றழுத்தமுள்ள டயருக்கு இது சுமார் 90 கி.மீ. வேகத்தில் நிகழலாம். காற்று குறைவாக இருந்தாலோ, டயரின் பள்ளங்கள் தேய்ந்திருந்தாலோ அதற்கு முன்பே நிகழும். மிதக்கும் டயருக்கு பிரேக்கும் கிடையாது, ஸ்டியரிங்கும் கிடையாது.

இருசக்கர வாகனத்துக்கு வருவோம். இந்தியாவில் 2022-ல் சாலை விபத்துகளில் இறந்த 1,68,491 பேரில் ஏறத்தாழ 45 சதவீதம் பேர் அதில் போனவர்கள். ‘முன் பிரேக்கைப் பிடிக்காதே, தூக்கி அடித்துவிடும்’ என்று சைக்கிள் கற்றுத்தரும்போதே அண்ணன்மார் சொல்லிவைத்த பாடம் நம் எல்லோருக்கும் உண்டு. நானும் இருபது வயது வரை பின் பிரேக்கை மட்டுமே நம்பி ஓட்டியவன். அது எவ்வளவு பெரிய தவறு என்று கணக்குப் போட்டபோதுதான் தெரிந்தது.

பிரேக் பிடித்ததும் வண்டியின் முகம் கீழே அமிழ்வதைப் பார்த்திருப்பீர்கள். பின் சக்கரத்தின் மேலிருந்த பாரம் முன் சக்கரத்துக்கு மாறுவதன் அடையாளம் அது. ஓட்டுபவரோடு சேர்த்து சராசரி மோட்டார் சைக்கிளில், கடுமையாகப் பிரேக் பிடிக்கும்போது பாரத்தில் 85 சதவீதம் வரை முன் சக்கரத்துக்குப் போய்விடலாம். உராய்வு பாரத்தைப் பொறுத்தது. பாரமே இல்லாத பின் சக்கரத்தை எவ்வளவு அழுத்திப் பிடித்தாலும் அது சுழற்சி நின்று இழுபடும், அவ்வளவுதான். 50 கி.மீ. வேகத்தில் இரண்டு பிரேக்கையும் சரியாகப் பிடித்தால் சுமார் 14 மீட்டரில் நிற்கக்கூடிய வண்டி, பின் பிரேக்கை மட்டும் பிடித்தால் 38 மீட்டர் வரை ஓடும். யோசிக்கும் நேரத்துக்கான தூரம் தனி. அண்ணன்மார் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை: மணலிலும் சேற்றிலும், திருப்பத்தில் சாய்ந்திருக்கும்போதும் முன் பிரேக்கை வெடுக்கென்று பிடித்தால் சக்கரம் சிக்கி வண்டி விழும். மெல்லத் தொடங்கி அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். இந்தப் பழக்கம் எல்லோருக்கும் வராது என்று தெரிந்துதான் 2019 ஏப்ரல் முதல் இந்தியாவில் விற்கப்படும் 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு ஏபிஎஸ்ஸும், அதற்குக் கீழ்ப்பட்டவற்றுக்கு ஒரு பிரேக்கைப் பிடித்தால் இரண்டு சக்கரத்திலும் வேலை செய்யும் கூட்டுப் பிரேக்கும் கட்டாயமாக்கப்பட்டன. ஏபிஎஸ் அற்புதம் எதையும் செய்வதில்லை. சக்கரம் சிக்கும் தறுவாயில் பிடியைத் தளர்த்தி, மறுபடி பிடித்து, நொடிக்குப் பலமுறை இதையே செய்கிறது. உருளும் டயர் திரும்பும்; சிக்கிய டயர் திரும்பாது.

சிக்கிய டயர் சாலையில் விட்டுப்போகும் கறுப்புக் கோட்டுக்கு வேறொரு பயன் உண்டு. அதன் நீளத்தை அளந்து, கணக்கைத் தலைகீழாகப் போட்டால் வண்டி வந்த வேகம் கிடைத்துவிடும். காய்ந்த சாலையில் 30 மீட்டர் கோடு என்றால் வேகம் 73 கி.மீ.க்குக் குறையாது. ‘ஐம்பதில்தான் வந்தேன் சார்’ என்பதைக் கோடு மறுத்துவிடும்.

இதுவரை எடையைப் பற்றிப் பேசவில்லை. லாரி கனமானது, அதனால் நிற்கத் தாமதமாகும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். வேடிக்கை என்னவென்றால், சமன்பாட்டில் எடை இருபுறமும் வந்து அடிபட்டுப் போகிறது. எடை கூடினால் இயக்க ஆற்றல் கூடும். அதே அளவுக்கு உராய்வும் கூடும். காகிதத்தில் பார்த்தால் 25 டன் லாரியும் ஒரு டன் காரும் ஒரே தூரத்தில் நிற்க வேண்டும். சாலையில் அப்படி நடப்பதில்லை. லாரி டயரின் ரப்பர் நீண்ட உழைப்புக்காகக் கடினமாகச் செய்யப்படுவது, பிடிமானம் குறைவு. காற்றுப் பிரேக்கில் மிதியை அழுத்தியதும் குழாய்களில் காற்று ஓடிச் சக்கரங்களை எட்டவே அரை நொடி வரை ஆகலாம், 60 கி.மீ. வேகத்தில் அது எட்டு மீட்டர். எல்லாவற்றுக்கும் மேலாக, சமன்பாட்டில் அடிபட்டுப் போன எடை வெப்பமாகத் திரும்பி வருகிறது. இதைப் பார்க்கத் தொப்பூருக்குப் போக வேண்டும்.

காஷ்மீரையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 44, தருமபுரி மேட்டுநிலத்திலிருந்து சேலத்துக்கு இறங்கும் இடம் தொப்பூர் கணவாய். பெங்களூரிலிருந்து சுமையேற்றி வரும் லாரிகள் நீளமான இறக்கத்தில் இறங்கிப் பாலத்தருகே திரும்ப வேண்டும். 2020 டிசம்பரில் அங்கே ஒரு லாரி, நெரிசலில் நின்றிருந்த பத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் மேல் மோதியதில் நால்வர் இறந்தார்கள். 2024 ஜனவரியில் நடந்த மோதலின் கண்காணிப்புக் கேமரா காட்சியைத் தமிழ்நாடே பார்த்தது.

பிரேக் என்பது வேகத்தை வெப்பமாக மாற்றும் கருவி. 100 கி.மீ. வேகத்தில் வரும் 1,200 கிலோ கார் ஒருமுறை நிற்கும்போது வெளிப்படும் வெப்பத்தில் ஒன்றரை லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவந்துவிடலாம். அந்த வெப்பம் காற்றில் கலைய அவகாசம் கிடைத்தால் சிக்கல் இல்லை. இறக்கத்தில் அவகாசம் கிடையாது. ஒரு லாரி 100 மீட்டர் உயரம் இறங்கும்போது புவியீர்ப்பு அதற்குக் கொடுக்கும் ஆற்றல், 60 கி.மீ. வேகத்திலிருந்து ஏழு முறை நிறுத்துவதற்கு ஈடானது. அந்த ஏழு நிறுத்தங்களையும் சக்கரத்தோடு சுழலும் பிரேக் டிரம் மட்டுமே தாங்க வேண்டும் என்றால் அது சூடேறி விரிகிறது. உள்ளிருந்து அதை உரசிப் பிடிக்கும் லைனிங் அதை எட்ட இன்னும் தூரம் நகர வேண்டியிருக்கிறது. லைனிங்கும் சூட்டில் பிடிப்பை இழக்கிறது. தீயும் வாடை மூக்குக்கு வரும்போது காலம் கடந்துவிட்டிருக்கும். ஓட்டுநர் மிதியை முழுக்க அழுத்துவார். அப்போதுதான் ‘பிரேக் பிடித்தேன், நிற்கவில்லை’ என்பது எழுத்துக்கு எழுத்து உண்மையாகிறது.

இதற்கு மருந்து லாரி ஓட்டுநர்களிடமே தலைமுறையாக இருக்கிறது: ஏறின கியரிலேயே இறங்கு. தாழ்ந்த கியரில் இறங்கினால் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக் ஆறிக்கொண்டிருக்கும். 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட ஊட்டி கல்லட்டிப் பாதையில் சமவெளிக்காரர்களின் கார்கள் உருள்வதும் இதை மறந்துதான். ஆனால் தொப்பூரில் பலர் நியூட்ரலில் இறக்குகிறார்கள், டீசல் மிச்சம் என்று. இந்த மிச்சம் பழைய இன்ஜின்களின் காலத்து நினைவு. இன்றைய டீசல் இன்ஜின்களில், கியரில் இறங்கும்போது ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் எரிபொருள் செலுத்துவதே நின்றுவிடும். நியூட்ரலில்தான் இன்ஜின் அணைந்துவிடாமலிருக்க டீசல் தேவை. காசும் மிச்சமில்லை, பிரேக்கும் மிச்சமில்லை. வாடகை ஒப்பந்தத்தில் டீசலை அளந்து கொடுக்கும் முதலாளிகள் இருக்கும்வரை ஓட்டுநரை மட்டும் திட்டுவதில் பயனில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அந்த இறக்கத்தையே தவிர்க்க உயர்மட்டச் சாலை ஒன்று திட்டமிடப்பட்டிருக்கிறது.

இரவுக்கு வேறு கணக்கு. டிம் லைட்டின் வெளிச்சம் பயன்படும்படி விழுவது சுமார் 50 மீட்டர். 80 கி.மீ. வேகத்தில் நிற்கத் தேவைப்படுவது 69. அதாவது, நாம் பார்க்கும்போது நிற்க முடியாத தூரத்துக்கு ஏற்கெனவே வந்துவிட்டிருப்போம். பின்விளக்கு இல்லாத கரும்பு டிராக்டரும், சாலையோரம் நிறுத்திவிட்டு ஓட்டுநர் தூங்கும் லாரியும் அந்த 19 மீட்டரில்தான் இருக்கின்றன.

காவல்துறைப் புள்ளிவிவரத்தில் 2022-ல் இறப்புகளில் 71 சதவீதத்துக்குக் காரணம் ‘அதிவேகம்’. படிவத்தில் நிரப்ப எளிதான கட்டம் அது என்பதால் இந்த எண்ணை அப்படியே நம்பத் தயக்கமாக இருக்கிறது. சாலையின் கோளாறும் அந்தக் கட்டத்துக்குள் ஒளிந்துகொள்ளும். ஆனால் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு இயற்பியலோடு ஒத்துப்போகிறது: ஒரு சாலையின் சராசரி வேகம் ஒரு சதவீதம் கூடினால் உயிர்ப்பலி விபத்துக்கான வாய்ப்பு நான்கு சதவீதம் கூடும். நடந்துபோகிறவர் மேல் மோதும் கார் 50-க்குப் பதில் 65-ல் வந்தால் அவர் இறக்கும் வாய்ப்பு நாலரை மடங்கு.

கடைசியாக ஒரு நிறுத்தும் தூரம் இருக்கிறது, அது வண்டிக்குள்ளே. எவ்வளவு வேகத்தில் வந்தாலும் உடம்பு எப்படியும் நின்றுதான் ஆக வேண்டும். எத்தனை தூரத்தில் என்பது மட்டுமே நம் கையில். 50 கி.மீ. வேகத்தில் சுவரில் மோதும் காரின் முன்பகுதி நசுங்கிக் கொடுக்கும் தூரம் அரை மீட்டருக்குச் சற்று மேல். பெல்ட் போட்டவரின் உடம்பு காரோடு பிணைந்திருப்பதால் அந்தத் தூரம் முழுவதும் அவருக்குக் கிடைக்கிறது. அவர் தன் எடையைப் போல 16 மடங்கு விசையைத் தாங்க வேண்டும். வலிக்கும், எலும்பு முறியலாம், பிழைத்துக்கொள்வார். போடாதவர் கார் நின்ற பிறகும் 50-லேயே முன்னேறி டேஷ்போர்டில் ஐந்து சென்டிமீட்டருக்குள் நிற்கிறார். அது 200 மடங்கு. பின் இருக்கையில் இருப்பவருக்கும் இதே கணக்கு, முன் இருக்கைக்காரரின் முதுகு டேஷ்போர்டாகிறது என்பதைத் தவிர.

ஹெல்மெட்டுக்குள் இருக்கும் வெள்ளை நுரையும் இதே வேலையைச் செய்வதுதான். இரண்டு மூன்று சென்டிமீட்டர் தடிமன். மண்டை நிற்பதற்கென்று கொடுக்கப்பட்ட சாலை அது. வெளி ஓடு அழகுக்கும் கூரான பொருள் துளைக்காமலிருக்கவும். நசுங்குவதுதான் நுரையின் வேலை, ஒருமுறை நசுங்கினால் அது மறுபடி விரியாது. எங்கள் வீட்டு அலமாரியில், ஒரு விபத்தில் நன்றாக அடிபட்ட ஹெல்மெட் ஒன்று வெளியே ஒரு கீறல் மட்டும் இருந்ததால் நான்கு வருடம் பத்திரமாக இருந்தது. இரவல் கேட்டு வந்தவர்கள் எல்லோருக்கும் அதைத்தான் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தோம்.